டூட்டிக்குக் கிளம்பினாலே நெஞ்சு படபடக்கிறது. யாரிடம் காட்டுவது?

தறிவீட்டுப்பொண்ணு – 30 மே 2021, இரவு 11.40

சீனியர் அண்ணன்கள், அக்காக்களுக்கு வணக்கம். தெற்கே ஒரு அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். இந்த மாதம்தான் சேர்ந்தோம், முதல் போஸ்டிங்கே கோவிட் வார்டு. எங்களுக்கு முந்தைய பேட்ச்சுகள் மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி. (மகப்பேறு) என்று சுற்றி, ஊசி போடக் கை பழகிய பிறகுதான் இந்த மாதிரி வார்டுக்கு வருவார்கள். நாங்கள் பழகியதே இங்கேதான். இரண்டு கிளவ்ஸுக்கு மேல் நரம்பைத் தடவிப் பார்த்து கானுலா (மருந்து ஏற்றும் குழாய்) போடுகிறோம். ஃபேஸ் ஷீல்டு முழுக்க ஆவி படிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பி.பி.இ. கிட் (முழு உடல் பாதுகாப்பு உடை) மாட்டும் அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. என்95 மாஸ்க் முகத்தில் ஏறியதும் மூச்சு போதவில்லை என்று தோன்றுகிறது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. கூட இருப்பவர்கள் ஜிப்பை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் ஷூ கவரைச் சரி செய்கிற மாதிரி குனிந்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன். ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் ஆக்சிஜன் சத்தம் காதிலேயே இருக்கிறது. நடுராத்திரி எழுந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறேன். 98, 99 என்று காட்டும். மனசு சமாதானமாகிப் படுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுக்கிறேன்.

எனக்குக் கொரோனா வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. தடுப்பூசி போட்டாகிவிட்டது. வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். பயம் வேறு எதிலோ இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன், உங்களுக்குப் புரிகிறதா பாருங்கள்.

எங்கள் வார்டில் உறவினர்களுக்குப் போன் செய்து நோயாளியின் நிலவரம் சொல்வது ஹவுஸ் சர்ஜன் வேலை. ஜிப் கவரில் போட்ட ஒரு வார்டு போன், ஒரு கட்டு கேஸ் ஷீட், அவ்வளவுதான். இப்போது எல்லோருக்கும் ‘ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு’ என்று கேட்கத் தெரிந்திருக்கிறது. 86 என்றால், ‘நேத்து 88ன்னீங்களே, அப்ப கொறைஞ்சிருச்சா, நீங்க என்ன பண்ணீங்க’ என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. மாஸ்க்கைச் சரி செய்தேன், குப்புறப் படுக்க வைத்தேன். ஐ.சி.யு.வில் படுக்கை கேட்டு மேலே சொன்னேன், பதில் வரவில்லை. இதை அந்த மகனிடம் சொல்ல முடியுமா? ‘பார்த்துக்கிட்டிருக்கோம்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று போன வாரம் இரவு டூட்டியில் நடந்தது. ஒரு பாட்டி தவறிவிட்டார். சிஸ்டர் ஒருவர்தான் இருந்தார், அவர் இன்னொரு நோயாளிக்கு சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார். உடலைப் பேக் செய்ய ஆள் வந்து நிற்கிறார், நகையை நீங்களே கழற்றி ரெஜிஸ்டரில் எழுதிவிடுங்கள் டாக்டர் என்றார்கள். அந்தக் காலத்துக் கல்தோடு. பின்னால் திருகு இறுகிக் கிடந்தது. ரப்பர் விரலுக்குப் பிடிபடவே இல்லை. பாட்டியின் காது மடலை இழுத்து இழுத்து, வலிக்குமோ என்று எனக்கு ஒரு கூச்சம். இறந்தவருக்கு என்ன வலி, தெரியும். இருந்தாலும் ‘கொஞ்சம் பொறுத்துக்கங்க பாட்டி’ என்று வாய்விட்டுச் சொன்னேன். ரெஜிஸ்டரில் ‘மஞ்சள் நிற உலோகத் தோடு 2, வெள்ளைக் கல் பதித்தது’ என்று எழுதினேன். வெளியே மகனிடம் கொடுத்தபோது அவர் தோட்டைப் பார்க்கவே இல்லை. ‘மூக்குத்தி எங்க?’ என்றார். நான் மூக்குத்தியைப் பார்த்ததாகவே நினைவில்லை. மாஸ்க் இருந்தது, டேப் இருந்தது. அதற்குள் பேக் செய்து கொண்டுபோய்விட்டார்கள். அவர் கத்தவில்லை. ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து யார் மூக்கைப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டில் சொல்ல முடியாது. அப்பா பவானியில் ஜமக்காளத் தறி நெய்கிறவர். எங்கள் தெருவில் நான்தான் முதல் டாக்டர். ‘சாப்பிட்டியா சாமி, பத்திரமா இருக்கியா’ என்று அம்மா தினமும் போன் போடுகிறார். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம்தான் இப்போது கேஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பாவோ நடிகர் விவேக் இறந்த பிறகு ஊசி போடவே மாட்டேன் என்கிறார். அது மாரடைப்பு, ஊசியால் இல்லை என்று டாக்டர்கள் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் இங்கே பயப்படுகிறேன் என்று தெரிந்தால் அவரைச் சம்மதிக்க வைக்க என்னிடம் இருக்கும் கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

ரூம்மேட் அல்பிரசோலம் 0.25 என்ற பதற்ற மாத்திரை ஒரு அட்டை கொடுத்தாள். அவளும் போடுகிறாளாம். போட்டேன், படபடப்பு அடங்கியது, தூங்கினேன். இதையே டூட்டி நாளில் மட்டும் போட்டுக்கொண்டு ஒப்பேற்றலாமா? அல்லது சைக்கியாட்ரியில் காட்ட வேண்டுமா? காட்டினால் பெயர் பதிவாகுமே, நாளைக்குப் பி.ஜி. (மேற்படிப்பு) சேரும்போது தோண்டுவார்களா? எங்கள் கல்லூரியிலேயே காட்டவும் கூச்சமாக இருக்கிறது. அந்த ஓ.பி.யில் எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

எலும்பும்தசையும் – 31 மே 2021, காலை 7.15

தங்கச்சி, இது எல்லோருக்கும் இருப்பதுதான். நேற்று முதலமைச்சர் ஸ்டாலினே கிட் மாட்டிக்கொண்டு கோவை இ.எஸ்.ஐ. வார்டுக்குள் போய்விட்டு வந்தார். அவர் வயசென்ன, உன் வயசென்ன. ஆர்த்தோ (எலும்பு) பி.ஜி. மாணவன் நான், பிளேட்டும் ஸ்குரூவும் தவிர ஒன்றும் தெரியாதவன், என்னைக் கொண்டுவந்து ஹெச்.எஃப்.என்.சி. என்ற ஆக்சிஜன் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நான் புலம்புகிறேனா? ஒரு மாதத்தில் பழகிவிடும். 0.25 எல்லாம் ஒன்றும் செய்யாது, தேவைப்பட்டால் போட்டுக்கொள். சைக்கியாட்ரி ஓ.பி.யில் மட்டும் பெயரை எழுதிவிடாதே. சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரைக்கும் தெரிந்துவிடும்.

ராத்திரிடூட்டிசிஸ்டர் – 1 ஜூன் 2021, காலை 9.05

என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் டாக்டர் என்றே எழுதுகிறேன்.

டாக்டர், நகையைக் கழற்றி எழுதுவது தனியாள் வேலையே இல்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எவ்வளவு அவசரமானாலும் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஒருவர் கழற்ற ஒருவர் எழுத, இரண்டு பேர் கையெழுத்தும் ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். பேக் செய்ய வந்தவரையாவது சாட்சியாக நிறுத்தியிருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. புதுப்பிள்ளையைத் தனியாக அதைச் செய்யச் சொன்னவர்களைத்தான் சொல்கிறேன். ‘சிஸ்டர் வந்ததும் சேர்ந்து எடுக்கிறோம், ஐந்து நிமிஷம் நில்லுங்கள்’ என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவருக்கும் அடுத்த வார்டில் வேலை இருக்கும், முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

கல்தோடு திருகு கிளவ்ஸுக்கு வழுக்கும். முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், வருஷக்கணக்கில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத்தை ஆர்டரி ஃபோர்செப்ஸால் லேசாகப் பிடித்துக்கொண்டு, திருகைக் காஸ் துணியால் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும். மோதிரம் இறங்கவில்லை என்றால் நூலைச் சுற்றிக் கழற்றலாம், யாராவது சிஸ்டரிடம் கேளுங்கள், காட்டித் தருவார்கள்.

மூக்குத்தி விஷயம். பைபாப் (மூச்சுக் கருவி) மாஸ்க் சரியாக உட்காரவில்லை என்றால் நோயாளிகளை முதலில் பார்த்துப் பிரிக்கும் ட்ரையேஜிலேயே மூக்குத்தியைக் கழற்றிவிடுவது உண்டு. அங்கே தனி ரெஜிஸ்டர் இருக்கும். காக்க வைக்காமல் சேர்க்கும் ஜீரோ டிலே வார்டு வழியாக வந்திருந்தால் அங்கேயும் பாருங்கள். வீட்டிலேயே வேறு யாராவது வாங்கி வைத்திருக்கவும் கூடும். கலவரத்தில் யார் யாரிடம் எதைக் கொடுத்தோம் என்று குடும்பத்துக்குள்ளேயே தெரியாது, எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதை நீங்கள் போய்த் தேட வேண்டாம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் விசாரிப்பார். அது அவர் பொறுப்பு.

அந்தப் பாட்டியிடம் பொறுத்துக்கங்க என்று சொன்னீர்கள் பாருங்கள். நானும் சொல்வேன். இன்னும் சொல்கிறேன்.

மனசுஓபி – 1 ஜூன் 2021, இரவு 10.20

மனநலத் துறையில் அசிஸ்டென்ட் புரொஃபசர். எங்களுக்கும் கோவிட் டூட்டி உண்டு, அதனால் கிட்டுக்குள் எப்படி இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளம்மா.

முதலில் அந்த அட்டையை ரூம்மேட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அல்பிரசோலம் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. அரைமணியில் பிரமாதமாக வேலை செய்யும், சிக்கலே அதுதான். சில மணி நேரத்தில் இறங்கிவிடும், இறங்கும்போது பதற்றம் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியும். ‘இதைப் போட்டால்தான் உள்ளே போக முடியும்’ என்று மூளை ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். டூட்டி நாளில் மட்டும் என்று ஆரம்பிக்கிறவர்கள் டூட்டி இல்லாத நாளிலும் அட்டையைத் தேடும் நிலைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதில் டாக்டர்கள் அதிகம். இரவு டூட்டியில் அரைத் தூக்கத்தில் இன்சுலின் யூனிட் எழுதுவதை நினைத்துப் பார். இது எச்1 பட்டியலில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கவே கூடாது. நமக்கு நாமே சீட்டு எழுதிக்கொள்வது நம் தொழிலோடு வந்த வியாதி. அடுத்து யாராவது படபடப்புக்குப் புரோப்ரனலால் போடு என்பார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. அதையும் கேட்காமல் போடாதே.

கிட் அறையில் உனக்கு வருவது பேனிக். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் விரல் நுனியும் உதடும் மரத்துக் குத்துகிறது. சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) 99 இருக்கும்போதே மூச்சு போதவில்லை என்று தோன்றுவது இதனால்தான். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொள், இறங்குவது சீக்கிரம் நடக்கும். ஆக்சிமீட்டரையும் ரூம்மேட்டிடம் கொடு. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கிடைக்கிற நிம்மதிதான் அடுத்த சந்தேகத்தைக் கிளப்புகிறது. காய்ச்சல், இருமல் வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். கொடுக்கத்தான் போகிறாய், அதுவரை அந்தக் கருவிக்கு உன் விரலில் வேலை இல்லை.

சைக்கியாட்ரியில் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் 10ஐத் தாண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை உன்னை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். நான் என் ஓ.பி.யில் எல்லோரிடமும் கேட்பது இன்னொன்று. லீவு நாளில் எப்படி இருக்கிறாய்? டூட்டி முடிந்ததும் இறங்கிவிடுகிற பயம் சாதாரணம். லீவு நாளிலும் கூடவே வந்து படுத்துக்கொள்கிற பயத்துக்கு வைத்தியம் வேண்டும். எல்லோருக்கும் இருப்பதுதான் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. போன வருஷம் சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது 44.6 சதவீதம் பேருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. ஆனால் எல்லோருக்கும் இருப்பதால் வைத்தியம் வேண்டாம் என்று ஆகுமா? எலும்புத் தம்பி, உன் கால் முறிந்தால் நீயே இழுத்து வைத்துக் கட்டிக்கொள்வாயா?

அப்புறம், உன் பதிவில் நான் திரும்பப் போய்ப் படித்த இடம் எது தெரியுமா? கொரோனா வந்துவிடும் என்ற பயம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அது. நீ சொன்ன இரண்டு கதையிலும் வைரஸ் ஓரமாகத்தான் நிற்கிறது. ஐ.சி.யு. படுக்கை கேட்டாய், பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாததை மகனிடம் மறைத்துப் பேச வேண்டியவள் நீ. நகையை நீ தனியாகக் கழற்றினாய், பார்வையையும் நீ தனியாக வாங்கினாய். வார்டிலேயே வயதிலும் பதவியிலும் சின்னவள் கையில் வார்டின் எல்லாக் கெட்ட செய்தியையும் கொடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர், உயிர் போகும் நேரத்தில் மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் கைவிடுவதுதான் சிப்பாயின் மனதில் ஆழமாகப் பதிகிறது என்றார். 2003இல் டொரண்டோவில் சார்ஸ் வந்து போய் ஓராண்டு, இரண்டாண்டு கழித்து அங்கே மருத்துவமனை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளில் மன உளைச்சலும் வேலைச் சலிப்பும் அப்போதும் அதிகமாகவே இருந்தன. போதுமான பயிற்சியும் ஆதரவும் கிடைத்தது என்று நினைத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. அந்தக் கணக்கில் தைரியத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அதனால் உனக்கு என் முதல் மருந்துச் சீட்டு மாத்திரை இல்லை. இரவில் ஆன் கால் ஏ.பி. (அசிஸ்டென்ட் புரொஃபசர்) யார் என்பதை டூட்டிக்குள் நுழையும் முன்பே தெரிந்துகொள். சாச்சுரேஷன் இறங்கினால் கூப்பிடு, கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுது. திட்டினால் திட்டட்டும். மே 3 அன்று பிரதமர் அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பிலேயே பயிற்சி மருத்துவர்களை ஆசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணிக்கு விடுவது என்றுதான் இருக்கிறது. மேற்பார்வை என்ற பகுதியை மட்டும் எல்லா ஊரிலும் வசதியாக மறந்துவிட்டார்கள். மோசமான செய்தி சொல்லும் போனை பி.ஜி.யோ ஏ.பி.யோ பேசட்டும், நீ பக்கத்தில் நின்று கேள். அப்படித்தான் பழக வேண்டும்.

பெயர் பதிவாகும் பயம் பற்றி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உன் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அது உரிமை, சலுகை இல்லை. பி.ஜி. சேர்க்கையில் ரேங்கையும் சான்றிதழையும் பார்க்கிறார்கள், பதற்றத்துக்கு ஓ.பி.யில் மாத்திரை வாங்கியதைத் தோண்டி எடுப்பதை என் காலத்தில் பார்த்ததில்லை. உன் கல்லூரியில் கூச்சம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரைப் பார், பக்கத்து மாவட்டமானாலும் பரவாயில்லை. நேரில் போகும் வரைக்கும் பேச வேண்டுமென்றால் அரசின் 104 இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் 080-46110007 இருக்கிறது. செத்துவிட்டால் தேவலை என்கிற மாதிரி எண்ணம் ஏதாவது எட்டிப் பார்த்தால் மட்டும் நாள் கடத்தாதே. அன்றைக்கே ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போ, தனியாக இருக்காதே. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகாவின் 044-24640050 அதற்காகவே இருக்கிறது.

மனநல டாக்டரிடம் போனால் எஸ்சிட்டலோபிராம் மாதிரி பதற்றத்துக்கான மாத்திரை ஏதாவது தரலாம், தராமலும் போகலாம். தந்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதே. டோஸ் இங்கே எழுத மாட்டேன். கேட்டாலும் எழுத மாட்டேன்.

எலும்பும்தசையும் – 1 ஜூன் 2021, இரவு 10.48

சரி மேம். கால் முறிந்தால் நானே கட்டிக்கொள்ள மாட்டேன், எங்கள் யூனிட் சீஃபிடமும் காட்ட மாட்டேன், வேறு ஊருக்குப் போய்விடுவேன். தங்கச்சி, கேன்டீன் பற்றிச் சொன்னதை விட்டுவிடு. போய்க் காட்டு.

நீட்டுக்குக்காத்திருப்பவன் – 2 ஜூன் 2021, மதியம் 2.30

நான் 2020 முதல் அலையில் சென்னையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவன். இப்போது ஒரு கோவிட் கேர் சென்டரில் ஒப்பந்த டூட்டி டாக்டர். மேற்படிப்புக்கான பி.ஜி. நீட் தேர்வு ஏப்ரல் 18 என்றார்கள், நெருங்கி வந்து தள்ளிவைத்தார்கள், இப்போது ஆகஸ்ட் 31க்கு முன் கிடையாது என்கிறார்கள். ஆகையால் எனக்கும் தூக்கமில்லை, காரணம் வேறு.

எங்களுக்குப் போன வருஷம் பயம் வார்டுக்கு வெளியேதான் இருந்தது. 2020 ஏப்ரலில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தபோது அவரைப் புதைக்க விடாமல் கும்பல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. நண்பரான இன்னொரு டாக்டர்தான் ராத்திரியில் இரண்டு ஊழியர்களோடு மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்தச் செய்தியை ஹாஸ்டல் மெஸ்ஸில் படித்த அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நமக்கு ஏதாவது ஆனால் இதுதானா என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். அதே வாரத்தில் டாக்டர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் என் நண்பனின் வீட்டு ஓனர் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார் என்பது வேறு கதை.

போன் டூட்டிக்கு எங்கள் பேட்ச் செய்த ஏற்பாடு உங்களுக்கு உதவலாம். ஒருவர் பேச, ஒருவர் பக்கத்தில் கேஸ் ஷீட்டோடு உட்காருவது. நிலைமை மோசமான நோயாளிகளின் பெயரைத் தனித் தாளில் எழுதி ரவுண்ட்ஸ் முடிந்ததும் பி.ஜி.யிடம் கொடுத்துவிடுவோம், அந்தப் போன்களை அவர்தான் பேசுவார். முதல் நாள் ஒரு பி.ஜி. அண்ணன் எகிறினார். யூனிட் சீஃபிடம் நான்கைந்து பேராகச் சேர்ந்து போய்ச் சொன்னோம், ஒத்துக்கொண்டார். தனியாகப் போயிருந்தால் நடந்திருக்காது. அடுத்தது, சாச்சுரேஷன் எண்ணிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். ‘நேற்றைவிடக் கொஞ்சம் சிரமப்படுகிறார், ஐ.சி.யு.வில் இடம் கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் மாற்றுவோம்’ என்று உண்மையை அப்படியே சொல்லலாம். கோபப்படுவார்கள்தான். ஆனால் ‘பார்த்துக்கிட்டிருக்கோம்’ என்று சொல்லி வைத்த போன்கள்தான் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன, உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிய போன்கள் வருவதில்லை.

மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் இறங்க இன்னும் கொஞ்ச நாளாகும். அப்பாவிடம் நீங்கள் பேசுவதைவிட அவர் தறிப்பட்டறையில் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரைப் பேச வையுங்கள். என் அப்பா என் பேச்சைக் கேட்கவில்லை, எதிர்வீட்டு லைன்மேன் சொன்னதும் போய் நின்றார்.

தறிவீட்டுப்பொண்ணு – 9 ஜூன் 2021, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேறு ஊருக்குப் போக லாக்டவுனில் பஸ் இல்லை. எங்கள் கல்லூரி ஓ.பி.க்கே போனேன். சீட்டுப் போட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற பணியாளர் அக்கா என் கோட்டைப் பார்த்துவிட்டு ‘டாக்டரெல்லாம் நேரா உள்ள போங்க, எந்த பேஷண்டப் பாக்கணும்?’ என்றார். நான்தான் பேஷண்ட் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தள்ளி உட்காருங்க என்று பக்கத்திலிருந்தவரைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு அம்மா மகனைக் கூட்டி வந்திருந்தார். ஆதார் நகல் வேண்டுமா என்று என்னிடம் கேட்டார், எனக்கும் தெரியவில்லை.

ஜி.ஏ.டி. தாளில் எனக்கு 16 வந்தது. உள்ளே இருந்த மேம் எஸ்சிட்டலோபிராம் ஆரம்பித்திருக்கிறார், வாரம் ஒரு முறை பேச வரச் சொல்லியிருக்கிறார். குமட்டல் இருக்கிறது, மனசுஓபி மேம் சொன்ன மாதிரியே. ஆக்சிமீட்டர் ரூம்மேட்டிடம் இருக்கிறது. முதல் இரண்டு ராத்திரி அவள் பையைத் திறந்து எடுக்கலாமா என்று யோசித்தபடி படுத்திருந்தேன். அவளும் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள் என்கிறாள். நம்புகிறேன்.

போன் விஷயமாக ஆறு பேர் சேர்ந்து யூனிட் சீஃபைப் பார்த்தோம். இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். ஆனால் அடுத்த நாளிலிருந்து மோசமான கேஸ்களின் போன் பி.ஜி. கைக்குப் போய்விட்டது, எப்படி என்று எங்களுக்குத் தெரியாது. ஆன் கால் ஏ.பி.யை ஒரு ராத்திரி கூப்பிட்டேன், திட்டினார், வந்தார்.

மூக்குத்தி கிடைக்கவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் ட்ரையேஜ் ரெஜிஸ்டர், ஜீரோ டிலே ரெஜிஸ்டர் இரண்டையும் பார்த்தார், எதிலும் இல்லை. ஏ.பி. மேம் அந்த மகனுக்கு அவரே போன் செய்து, தேடினோம், கிடைக்கவில்லை, வருந்துகிறோம் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் பரவாயில்லைங்க என்றாராம். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. கிட் அறையில் இன்னும் படபடக்கிறது, ஆனால் ஷூ கவரைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டியிருக்கவில்லை.

அப்பா இன்னும் ஊசி போடவில்லை. பட்டறையில் போட்டுக்கொண்ட ஒரே ஆளுக்கு இரண்டு நாள் காய்ச்சலாம், அவரைப் பேச வைத்தது எனக்கு எதிராகப் போய்விட்டது.

மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கலைகிறது. காலையில் மாற்றலாமா என்று வர வாரம் ஓ.பி.யில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கேட்டால் மேம் திட்டுவார்.